அந்த ஈஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 ஏப்ரல் 7ல் சிங்கப்பூரில் கொவிட் முடக்கமான நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது புனித வாரம். பிப்ரவரி நடுவிலேயே பூசைகள் நின்றுவிட்டன. ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகாத முதல் ஈஸ்டர் எங்களுக்கு அது. ஏப்ரல் 12 அன்று மூவறை வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, யூடியூபில் பூசை கண்டோம். நற்கருணை நேரத்தில் அம்மா பழக்கத்தில் எழுந்து கைகளை நீட்டினார். அப்புறம் மெல்ல உட்கார்ந்தார். வேளாங்கண்ணியில் அடைபட்டிருந்த அத்தை இரவு வாட்ஸ்அப்பில் எங்களோடு ஜெபமாலை சொன்னார்.

இப்போது ஆலயம் நிறைகிறது, சந்தோஷம். ஆனால் நடக்க முடியாத பெரியவர்களுக்கு அந்த முடக்கம் இன்னும் முடியவில்லை. பங்கு இளைஞர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்களோடு சேர்ந்து ஜெபமாலை சொல்ல வேண்டும்.

ஒரு வாசகி,
ஈசூன்