ஏப்பச்சாமியின் நெஞ்செரிச்சல்

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

மச்சான்,

தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை என்று உன் வீட்டுக்காரி என் வீட்டுக்காரியிடம் குறைப்பட்டாளாம். தப்புதான். இவ்வளவையும் கைப்பேசியில் தட்ட எனக்கு விரல் வணங்காது, அதனால்தான் தாளும் பேனாவும்.

இங்கே எல்லாரும் சுகம். கோவில் திருவிழா முடிந்தது. முதல் மாலை யாருக்கு என்ற சண்டை இந்த வருடமும் நடந்தது. நெட்டைக் கிராணி இந்த வருடமும் கோபித்துக்கொண்டு போய், பின்வாசல் வழியாக வந்து அன்னதானம் சாப்பிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சடைத்து எழுந்தேன். தொண்டையிலும் மூக்கிலும் புளித்த தண்ணீர். ஆலையில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவோமே பார்மிக் ஆசிட், அந்த நெடி அப்படியே வாய்க்குள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினேன் இருமினேன், நிற்கவே இல்லை. வீட்டுக்காரி என் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதாள். தலையணை உறையில் படிந்த மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

ஒன்பது வருடமாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பண்டோபிரசோல் 40 போடுகிறேன், உனக்குத் தெரியும். ஈப்போவில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்து ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறதாம். உணவுக்குழாயின் அடியில் புண். சர்ஜன் நம் பெண்தான், என் மகள் வயது இருக்கும். முதலில் கேட்டது: "அங்கிள், மாத்திரையை எப்போ போடுறீங்க?"

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது, மிச்சமிருக்கும் தே தாரிக் டீயோடு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நாம் சாப்பிடும்போதுதான் வயிற்றில் அமிலம் இறைக்கும் பம்புகள் முடுக்கிவிடப்படுமாம். அதற்கு அரைமணி நேரம் முன்னாடி மாத்திரை உள்ளே போயிருந்தால்தான் அவற்றை அடைக்கும். காலையில் பசியாறுவதற்கு முன் போட வேண்டியதை நான் ராத்திரியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆட்கள் எல்லாம் மரம் வெட்ட நிரைக்குப் போன பிறகு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நின்ற மண்டோர் மாதிரி ஒன்பது வருடம்! நீ சிரிப்பாய். சிரி.

இப்போது ஒழுங்காகப் போடுகிறேன். எரிச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. ஆனால் குனிந்து செருப்பு மாட்டினால் தண்ணீர் இன்னும் மேலே வருகிறது. புளிப்பு இல்லாத தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். மாத்திரை புளிப்பைக் குறைக்கும், கதவைச் சாத்தாது. கதவைச் சாத்த வேண்டும் என்றால் கத்தி.

அந்தக் கத்தி என்ன செய்யும் என்று கேள். ஏறிப்போன வயிற்றைக் கீழே இழுத்து, ஓட்டையைத் தைத்துச் சின்னதாக்கி, வயிற்றின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் கழுத்துத் துண்டு மாதிரி சுற்றித் தைப்பார்கள். நிஸ்ஸன் என்ற டாக்டர் 1955-ல் சுவிட்சர்லாந்தில் முதலில் செய்ததாம். இப்போது நாலைந்து சின்னத் துளைகளோடு முடிந்துவிடும். முழுச் சுற்றும் உண்டு, முக்கால் சுற்றும் உண்டு. சில வாரம் கஞ்சி, கூழ். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அதற்கப்புறம் டாக்டர் சொன்னாள் பார்: "அங்கிள், ஏப்பம் சரியா வராம போகலாம். வாந்தியும் வராம போகலாம். வயித்துல காத்து நிக்கும்."

என்னைப் பார்த்து! பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் மைக்கை நீட்ட, நான் அதில் ஏப்பம் விட்ட அந்த நிமிடத்தை நினைத்துக்கொண்டேன். உன் ஏப்பச்சாமியின் பிழைப்பே போகப் போகிறது.

மகள் மருந்தகத்தில் வேலை பார்ப்பதால் அவளுக்கு எல்லாம் படித்தாக வேண்டும். மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம், மெக்னீசியம் குறையலாம், எலும்பு முறிவோடும் தொடர்பு சொல்கிறார்கள் என்று பட்டியல் போட்டாள். உடனே, தொடர்பு வேறு, அதுதான் காரணம் என்று நிரூபிப்பது வேறு என்றும் அவளே சொல்கிறாள். நானாக நிறுத்தவும் கூடாதாம். அது எனக்கே தெரியும்: தைப்பூச விரதத்தில் மாத்திரைக்கும் சேர்த்து விரதம் இருந்து, மூன்றாம் நாள் முன்னைவிட இரண்டு மடங்கு எரிந்தது.

கத்தி பக்கமும் சுத்தமில்லை. அமெரிக்காவில் பழைய பட்டாளத்துக்காரர்களைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களில் 62 சதவீதம் பேர் மறுபடி மாத்திரையில் இருந்தார்களாம். 2001-ல் வந்த கணக்கு. 2019-ல் இன்னொன்று: நெஞ்செரிச்சல் மருந்துக்கு அடங்கவில்லை என்று வந்த 366 பேரை நன்றாகச் சோதித்தால், கடைசியில் மிஞ்சியது 78 பேர். கழிந்துபோனவர்களில் 42 பேருக்கு, மருந்தை ஒழுங்காகக் கொடுத்த இரண்டு வாரத்திலேயே குணம் தெரிந்துவிட்டது. என் கூட்டாளிகள்! ஆனால் அந்த 78 பேரில் கத்திக்குப் போனவர்களில் 67 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள், மருந்தில் இருந்தவர்களில் 28 சதவீதம்தான். ஆக, சோதனை சரியாக இருந்தால் கத்தி வேலை செய்கிறது.

மச்சான், என் அப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். லயத்து வாசலில் உட்கார்ந்து, சாப்பிட்டதும் தகர டம்ளரில் ஆப்பச்சோடாவைக் கரைத்துக் குடிப்பார். நாம் நுரையைப் பார்த்துச் சிரிப்போம். கடைசி வருடம் சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. தொண்டையில் கட்டி என்று மட்டும்தான் அன்றைக்குச் சொன்னார்கள். அதை டாக்டரிடம் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. குழாய் விட்ட இடத்தில் புற்றுக்கு முந்தைய மாற்றம் எதுவும் இல்லை என்று திரையிலேயே காட்டினாள். "புற்றுநோய்க்கு பயந்து ஆபரேஷனுக்கு வராதீங்க அங்கிள், மாத்திரையைவிட அது நல்லா காப்பாத்தும்னு உறுதியா சொல்ல முடியாது. தண்ணி ஏறி மூச்சடைக்குது, அதுக்காக வாங்க" என்றாள். நேர்மையான பிள்ளை.

அதனால் மூன்று மாதம் மாத்திரை, நேரத்துக்கு. ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. அப்புறம் மூக்கு வழியாக ஒரு கம்பி, 24 மணி நேரம், அமிலம் எத்தனை தடவை ஏறுகிறது என்று எண்ண. உணவுக்குழாய்க்குத் தள்ளும் பலம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பலமில்லாத குழாயில் முழுச் சுற்றுப் போட்டால் சோறு அங்கேயே நின்றுவிடும். சோதனை எல்லாம் கத்திக்கு ஏற்றதாக இருந்து, செருப்பு மாட்டும்போது தண்ணீரும் வந்தால், நான் ஆபரேஷனுக்குப் படுத்துவிடுவேன். வீட்டுக்காரி வேண்டாம் என்கிறாள், மகன் செய் என்கிறான். நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. உன் மச்சினனிடம் கேட்டுச் சொல்லாதே, நீயே சொல்.

கம்பி மாட்டுகிற அன்று கிள்ளானிலிருந்து கிளம்பி ஈப்போவுக்கு வா. மூக்கில் ஒயர் தொங்க நாசி லெமாக் கடையில் உட்கார்ந்திருக்கப் போகிறேன். வழக்கமாகச் சாப்பிடுவதைத்தான் சாப்பிட வேண்டுமாம், அதைத் தனியாகச் செய்ய வெட்கமாக இருக்கிறது.

கட்டில் தலைமாட்டுக்கு எட்டு அங்குலம் உயரம் வைக்கச் சொன்னார்கள். பழைய கித்தா மரத்தில் இரண்டு கட்டை அறுத்து வைத்தேன். எனக்கு நல்ல தூக்கம். வீட்டுக்காரிதான் ராத்திரியெல்லாம் சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய், விடியற்காலையில் என்னைத் திட்டிக்கொண்டே ஏறி வருகிறாள்.

உன்
ஏப்பச்சாமி