கைடு கிடைக்காத பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் ஒரு பட்டமளிப்பு விழாப் படம் பார்த்தேன். கறுப்பு அங்கி போட்ட பெண் பிள்ளைகள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்குகிறவர்கள் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தீர்கள். அவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். படத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அப்புறம் அதே படத்தில் பின்னால் மேடையில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன். பதினொரு பேர். ஒருவர்தான் பெண். இந்தக் கடிதம் அந்த மேடையைப் பற்றியது. பட்டம் வாங்கிய எங்கள் பிள்ளைகள், ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடு (நெறியாளர்) கிடைக்காமல் அந்த மேடைக்குக் கீழேயே நின்றுவிடுவதைப் பற்றியது.

நான் மேலூர் வட்டத்துக்காரி. அப்பா ஆடு மேய்த்தவர். ஆறாம் வகுப்பிலிருந்து ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதியில் தங்கிப் படித்து, தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கினேன். ஒன்பது ஆண்டுகளாக ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக, அதாவது நிரந்தரமில்லாத ஆசிரியராக, இருக்கிறேன்.

தமிழ்நாட்டில் பிள்ளைகள் கல்லூரிக்குள் வந்துவிட்டார்கள், அதில் சந்தேகமே இல்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தின் சேர்க்கை விகிதம், கல்லூரி வயதுப் பிள்ளைகள் 100 பேருக்கு 47. நாடு முழுவதற்கும் அது 28.4. இது தானாக வந்ததில்லை. 69 விழுக்காடு இடஒதுக்கீடு, 2009-இல் அருந்ததியருக்கு வந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் கிடைத்த 7.5 விழுக்காடு, 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 என்று ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்தது. அந்த ஆயிரம் ரூபாயில் ரெக்கார்டு நோட்டும் கலர் பென்சிலும் வாங்கி வருகிற பிள்ளைகளை நான் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

ஆனால் இந்தக் கதவுகள் பெரும்பாலும் இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகின்றன. இளநிலைச் சேர்க்கைக்குத் தரவரிசைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். எந்தப் பிரிவில் எந்த மதிப்பெண்வரை கூப்பிட்டார்கள் என்று என் அப்பாகூட எழுத்துக்கூட்டிப் பார்த்துவிடலாம். பிஎச்.டி.க்கு நான் போனபோது அப்படி ஒரு பலகையே கிடையாது. முதலில் ஒரு கைடு சம்மதக் கடிதம் தர வேண்டும். விதிப்படி ஆராய்ச்சிச் சேர்க்கைக்கும் இடஒதுக்கீடு உண்டு. நடப்பில் எல்லாம் அந்த ஒருவர் தலையசைப்பதில்தான் இருந்தது.

நான் ஐந்து பேரைப் போய்ப் பார்த்தேன். மூன்று பேர் இடமில்லை என்றார்கள். உண்மையாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். நான்காமவர் உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், மார்க்‌ஷீட்டைப் பார்த்துவிட்டு நன்றாகப் படித்திருக்கிறாய் என்றார். "சொந்த ஊர் எதும்மா?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. "கண்மாய்க்கு அந்தப் பக்கம் சார்" என்றேன். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அதே மாதம் அவரிடம் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

ஐந்தாமவர் விடுதியில் தங்கிப் படித்து வந்தவர். அவர் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அழகர்மலை அடிவாரத்திலும் அரிட்டாபட்டிப் பக்கத்திலும் ஆடுகள் தின்னும் செடிகளையும் தின்னாமல் விடும் செடிகளையும் சேகரிக்க வேண்டும் என்றேன். இது எனக்குத் தோன்றியதற்கு அப்பாதான் காரணம். வயல் வரப்புகளில் ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு கொடி படர்ந்திருக்கும். அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா என்பது அதன் அறிவியல் பெயர். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அறிவியல் பிற்காலத்தில் கண்டுபிடித்தது. ஆடு அதைத் தீண்டாது என்று பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே இருந்திருக்கிறார்கள். அவர்கள் என் அப்பாவைப் போல ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

சேகரித்த செடிகளைத் தங்கள் நாளிதழில் வைத்துத்தான் அழுத்தி உலர்த்தினேன். டீக்கடையில் பழைய தாள் கிலோக் கணக்கில் வாங்கி வருவேன். ஈரம் ஏறிய தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பார். "ஏத்தா, இது பூவோட இருக்கணுமே, பூ விழுந்தா அப்புறம் எவன் கண்டுபிடிப்பான்?" என்பார். ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. தகவல் தந்தவர் என்ற இடத்திலும் இருக்கிறது. இரண்டாவது இடத்தைத்தான் அவர் நாலு பேரிடம் காட்டினார்.

பிஎச்.டி.யின் கடைசிக் கட்டமான வாய்மொழித் தேர்வு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதுவதில்லை. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளருக்குக் கார், தங்க அறை, துறையில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு, சால்வை, பழத்தட்டு. எதையும் யாரும் எழுதிக் கேட்கவில்லை. "வழக்கமா செய்யறதுதான்மா" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். என் கைடு, எதுவும் வாங்காதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் அன்று ஒருநாள் குறை வைத்தால் நாலு வருட உழைப்புக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு. அப்பா இரண்டு கிடாய்களை விற்றார். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு விருந்துச் செலவு. எங்கள் வீட்டில் அது அடுத்த வருடத்துச் சாப்பாடு.

சரி, பட்டம் வாங்கியாகிவிட்டது, இனி நானே நாலு பிள்ளைகளுக்குக் கைடாக இருக்கலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி நிரந்தர, முழுநேர ஆசிரியர்தான் நெறியாளராக முடியும். உதவிப் பேராசிரியர் 4 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், பேராசிரியர் 8 பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. இந்த விதிகளில் தவறு இல்லை. ஆனால் நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் வைத்துக்கொண்டு இந்த விதிகளை நடத்தினால் என்ன ஆகும்? ஒரு பேராசிரியர் ஓய்வு பெறுகிறபோது ஒரு நாற்காலி மட்டும் காலியாவதில்லை, எட்டுப் பிள்ளைகளின் ஆராய்ச்சி இடமும் சேர்ந்தே போகிறது. அந்த இடத்தில் என்னைப் போல ஒருவரைப் பதினோரு மாதச் சம்பளத்துக்கு உட்கார வைத்தால் வகுப்பு நடக்கும், ஆராய்ச்சி நடக்காது. 2019-இல் அரசுக் கல்லூரிகளுக்கு 2,331 உதவிப் பேராசிரியர்களை எடுப்பதாக ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது, அது கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று மறுபடி அறிவிப்பு வந்தது. தேர்வுத் தேதிக்காகவே நீண்ட நாள் காத்திருந்தோம். இந்த இடைவெளியில் எத்தனை பேருக்கு வயது ஏறிப் போனது என்பதை எங்கள் ஓய்வறைக்கு வந்து பாருங்கள்.

இதில் முதலில் விழுகிறவர்கள் யார் என்றால், இப்போதுதான் உள்ளே வந்தவர்கள். தாத்தா பேராசிரியராக இருந்த வீட்டுப் பிள்ளை ஐந்து வருடம் காத்திருக்கலாம், சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போகலாம். எங்கள் பிள்ளைகள் ஒரு வருடம் பார்ப்பார்கள், அப்புறம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஏதாவது ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார்கள். பெண் பிள்ளையென்றால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆதிதிராவிட, பழங்குடி ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை தருவது பெரிய உதவி. ஆனால் கைடு கிடைத்துச் சேர்ந்த பிறகுதானே அதற்கு விண்ணப்பிக்கவே முடியும்?

யார் ஆராய்ச்சிக்கு வருகிறார்கள் என்பதைப் பொறுத்து எது ஆராயப்படுகிறது என்பதும் மாறும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 193.42 ஹெக்டேர். இரண்டே ஆண்டில் அதே பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது. ஊர் ஊராக மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மலையில் எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், எந்தப் பாறை இடுக்கில் கழுகு கூடு கட்டும் என்று அங்கே ஆடு மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகள் அதை ஆய்வேடாக எழுதி வைத்திருந்தால், அடுத்த முறை ஆபத்து வரும்போது கையில் எடுத்துக் காட்டலாம் அல்லவா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு கைடிடமும் எத்தனை இடம் காலி, யார் யார் எந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை இளநிலைப் பட்டியலைப் போலப் பலகையில் ஒட்டட்டும். கைடு ஒதுக்குவதை ஒரு குழு செய்யட்டும், அதில் பெண்களும் எங்கள் பக்கத்து ஆட்களும் இருக்கட்டும். வாய்மொழித் தேர்வுக்கு மாணவர் ஒரு பைசாகூடச் செலவு செய்யக் கூடாது என்று எழுத்தில் வரட்டும், வாய்மொழியாக வேண்டாம். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் எத்தனை கைடுகள், எத்தனை ஆய்வாளர்கள், அவர்களில் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், இஸ்லாமியர் எத்தனை பேர் என்று தங்கள் நிருபர் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். நான் கேட்டால் அடுத்த ஆண்டு எனக்கு வேலை இருக்காது.

தாங்கள் வெளியிட்ட படத்தில் இடப்பக்கம் இரண்டாவதாக நிற்கும் பெண், கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து எம்.எஸ்சி. படித்தவள். புல் வகைகளை அடையாளம் காண்பதில் அவளுக்கு இருக்கும் கண் எனக்குக் கிடையாது. விழா முடிந்து அங்கியைக் கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தாள். "மேடம், நீங்களே எனக்குக் கைடா இருங்க மேடம்" என்றாள். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், போன் நம்பர் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். இதுவரை நான்கு பேராசிரியர்களிடம் பேசிவிட்டேன். ஐந்தாமவரைப் பார்க்க வரும் சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)