‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’: கிடங்கு போனதால் வந்த வினை

ஆசிரியர் அவர்களுக்கு,

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற கணினிப் போர்வியூக விளையாட்டின் இரண்டாம் பாகம் (1999) பெற்ற அன்பை மூன்றாம் பாகம் (2005) பெறாததற்கு, பழைய நினைவுகளின் மீதுள்ள பாசமே காரணம் என்று தங்கள் இணைப்பிதழ்க் கட்டுரை சொல்கிறது. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. காரணம் ஆட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது.

இரண்டாம் பாகத்தில் வில்லேஜர் என்ற வேலையாள் வெட்டும் மரம், கிடங்கில் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் கணக்கில் ஏறும். தொடக்கத்தில் ஒரு நடைக்குப் பத்து அலகுதான். ஆகவே 100 மரம் செலவழித்துக் கட்டும் லம்பர் கேம்ப் என்ற மரக்கிடங்கு காட்டை ஒட்டி நிற்க வேண்டும். வெட்ட வெட்டக் காடு பின்வாங்கும், நடை நீளும், வரவு குறையும். அதைக் கவனித்து அடுத்த கேம்ப்பைக் கட்டுபவர் முந்திவிடுவார்.

வழக்கமான தொடக்கத்தையே பாருங்கள். மூன்று வில்லேஜர், ஒரு குதிரைச் சாரணர், 200 உணவு. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 நொடி. ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் தாங்குவது ஐந்து பேரை மட்டுமே, அதற்கு மேல் ஆள் சேர்க்க வீடு வேண்டும் என்பதால், இருவர் உடனே ஆளுக்கொரு வீடு கட்டியாக வேண்டும். முதல் ஆறு பேர் ஆட்டுக்கு, அடுத்த நால்வர் மரத்துக்கு. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும். வெட்டிப் போட்ட இறைச்சி அழுகிக் குறையும். பிறகு காட்டுப்பன்றி: 340 உணவு. ஒருவர் அம்பெய்து அதை டவுன் சென்டர் வரை இழுத்துவர, மற்றவர்கள் அங்கே அடித்து வீழ்த்த வேண்டும். ஓடத் தாமதித்தால் 25 உயிர்ப்புள்ளி நொடியில் தீர்ந்துவிடும். 50 தங்கத்துக்கு லூம் என்ற மேம்பாட்டை டவுன் சென்டரில் எடுத்திருந்தால் அது 40 ஆகும். ஆனால் அதை எடுக்க ஆகும் 25 நொடியும் அங்கிருந்து புது ஆள் வர மாட்டார். எதைத் தொட்டாலும் ஒரு விலை உண்டு, அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

மூன்றாம் பாகத்தில் கிடங்கே இல்லை. நின்ற இடத்திலேயே வரவு ஏறுகிறது. கல் என்ற வளத்தையும் எடுத்துவிட்டார்கள், 650 கல் சேர்த்துக் கோட்டையை எங்கே எழுப்புவது என்ற தவிப்பும் அதோடு போயிற்று. பதிலுக்கு வந்தது தாய்நகரத்திலிருந்து உதவி வரவழைக்கும் சீட்டுமுறை. எந்தச் சீட்டை எப்போது இறக்குவது என்பது நல்ல சிந்தனைதான், மறுக்கவில்லை. ஆனால் வலுவான சீட்டுகள் தாய்நகரத்தின் நிலை உயர உயரத்தான் திறந்தன. நாள்கணக்கில் ஆடியவர் எதிரே புதியவர் உட்கார்ந்தால், முதல் மரம் வெட்டும் முன்பே ஆட்டம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். 2020 மறுபதிப்பில் எல்லாச் சீட்டுகளையும் திறந்துவிட்டார்கள். பதினைந்து ஆண்டு கழித்து வந்த திருத்தம் அது.

மூன்றாம் பாகத்தின் வணிகப்பாதைச் சாவடிகளும், பீரங்கி பட்டுச் சிதறும் கட்டடங்களும் இன்றும் அழகு. ஆயினும் ராஜேந்திர சோழரின் படையெடுப்புகளை ஆடிப்பார்க்க விரும்புகிறவர் போக வேண்டியது இரண்டாம் பாகத்துக்குத்தான். 2022-இல் வந்த கூடுதல் தொகுப்பில் அவை இருக்கின்றன. அதில் ‘திராவிடர்’ தரப்புக்கு ஆட்டத்தின் வளர்ச்சிக் கட்டமான அடுத்த யுகத்துக்கு ஏறும்போதெல்லாம் 200 மரம் இலவசம். இரண்டு லம்பர் கேம்ப்பின் விலை அது. கிடங்கு முக்கியமான ஆட்டத்தில் அதன் அருமை உடனே புரியும்.

இனி விளையாட்டுகளை ஒப்பிட்டு எழுதும்போது, வரைகலையைப் பற்றி மட்டுமல்லாமல், எந்த விதி போயிற்று, எது வந்தது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், மதுரை