பேரணி முடிந்த பிறகு: வளரிளம் பெண்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

வணக்கம். போன வருடம் உங்களில் ஒருவர் நடத்திய பேரணியில் நானும் நடந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், கையில் பதாகை, 'இளவயது கர்ப்பம் தவிர்ப்போம்' என்று கோஷம், கடைசியில் ஃபிளெக்ஸ் முன்னால் குரூப் போட்டோ, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். என் பக்கத்தில் வந்த பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "அது எப்படி ஆகும்னு மட்டும் யாரும் சொல்லவே இல்லையே மிஸ்?" ஆண்டறிக்கையில் அவளும் ஒரு 'பயனாளி'.

நல்ல எண்ணம் இருந்தால் நல்லது நடந்துவிடும் என்று நம்புகிறோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் பகுதியில் 57 பள்ளிகளில் அதைச் சோதித்தே பார்த்தார்கள். 13 முதல் 15 வயதுப் பெண்களிடம் அழுகிற, பால் கேட்கிற எலக்ட்ரானிக் பொம்மைக் குழந்தையைக் கொடுத்து, வார இறுதி முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கஷ்டம் தெரிந்தால் பயம் வருமே! 20 வயதுவரை கணக்கெடுத்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பொம்மை வாங்கியவர்களில் சுமார் 8 சதவீதம் பேர் பிள்ளை பெற்றிருந்தார்கள், வாங்காதவர்களில் 4. யாரும் எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால், அந்தத் திட்டத்துக்கும் விருது கொடுத்திருப்போம்.

நம் ஊர்க் கணக்கும் யோசிக்க வைக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 வயதுக்குள் மணமானவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்தார்கள். ஆனால் 15-19 வயதில் தாயானவர்கள், கர்ப்பமாக இருந்தவர்கள் 5-லிருந்து 6.3 ஆனார்கள். கல்யாணத்தை நிறுத்தினால் போதும் என்ற நம் கணக்கு எங்கோ இடிக்கிறது.

வளரிளம் பெண்ணுக்கு அரண் பள்ளிக்கூடம்தான். அதோடு உடலைப் பற்றி ஒளிவுமறைவில்லாத பாடம் வேண்டும், திட்டாத நர்ஸ் வேண்டும். 18 வயதுக்குள் கர்ப்பம் என்றால் மருத்துவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிற போக்சோ சட்டத்துக்குப் பயந்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலையே மிதிக்காதவர்கள் உண்டு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் களப்பணியாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரம் மட்டும் பேரணி வேண்டாம். தோற்ற பெண்களின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட வையுங்கள். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்குப் போய், யார் படிக்கிறாள், யார் மில்லுக்குப் போய்விட்டாள் என்று எழுதி வையுங்கள். எழுத நோட்டு ஒன்று போதும். எப்படிக் கோடு போடுவது என்று வந்து காட்டித் தருகிறேன், பஸ் டிக்கெட்டும் என் செலவு.

இப்படிக்கு,
உங்களோடு நடந்த பயிற்றுநர்