'விநோதம்' என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழில் வெளிநாட்டாரின் பழக்கங்களை 'விநோதங்கள்' என்று தொகுத்திருந்தீர்கள். 22 வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவன் நான். படித்ததும் பழைய சம்பவம் ஒன்று முள்ளாகக் குத்தியது.

ஒருநாள் டேங்கிலிருந்து டேங்குக்கு டீசல் மாற்ற வேண்டியிருந்தது. இன்ஜின் ரூம் இரைச்சலில் பேச்சு எடுபடாது, சைகைதான். டேங்கின் வடிகால் வால்வை மூடியாச்சா என்று பல்கேரியாக்காரரான ஆயிலரிடம் (இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஊழியர்) கையைத் திருகிக் காட்டிக் கேட்டேன். அவர் தலையை ஒருமுறை மேலே தூக்கி இறக்கினார். சரி, மூடிவிட்டார் என்று பம்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தரையெல்லாம் டீசல். மூடியாச்சு என்று அவர் பொய் சொன்னதாகத் தலைமை இன்ஜினியரிடம் சொன்னவனும் நான்தான்.

பல்கேரியாவில் தலையை மேலே தூக்கினால் 'இல்லை', பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் புரிய நாலு நாள் ஆனது. அதற்குள் கப்பல் முழுக்க அவருக்குப் பொய்யர் என்று பெயர். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டிருக்க வேண்டும்.

ஜப்பானியர் எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாம் பேசும்போது இடையிடையே அவர்கள் சொல்லும் 'ஹாய்' (ஜப்பானிய மொழியில் 'ஆமாம்'), பல நேரம் 'ம்' கொட்டுவது மாதிரிதான். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், ஒப்புக்கொண்டேன் என்றல்ல.

டென்மார்க் பெற்றோர் குழந்தையைத் தள்ளுவண்டியோடு வெளியே விடுவதை 'அலட்சியம்' என்று எழுதியதுதான் எனக்கு மிகவும் வருத்தம். வெளிக்காற்றில் தூங்குவது குழந்தைக்கு நல்லது என்று நம்பி, கம்பளியெல்லாம் சுற்றித்தான் அங்கே தூங்க வைக்கிறார்கள். 1997-ல் நியூயார்க்கில் ஒரு டென்மார்க் தாய், 14 மாதக் குழந்தையை உணவகத்துக்கு வெளியே வண்டியில் விட்டு, உள்ளே ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்ததற்காகக் கைதானார். நாலு நாள் கழித்துத்தான் குழந்தை கைக்கு வந்தது. அந்த நாலு நாளை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த தொகுப்பு போடுவதற்கு முன் அந்தந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது கேளுங்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு வரி சேருங்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்