டபுள் பாஸுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

ஆசிரியருக்கு,

வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பாஸில் பழைய ஒன்றை வீட்டிலேயே புதுப்பிப்பவர்கள் பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறக்கட்டும். நான்கு கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினால், உள்ளே பசையின்றி அழுத்தத்திலேயே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி சாய்ந்துவிடும். கருவியை மல்லாக்கப் படுக்கவைத்து, அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு தளர்த்துங்கள்.

உடலின் விளிம்பு ஒட்டு விட்டுப் பிரிந்திருந்தால், சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய விலங்குத்தோல் பசைதான் சரி. எபாக்சி என்ற செயற்கைப் பசையைப் போட்டால் அடுத்த முறை பிரிக்கையில் மரமே பிய்ந்து வரும்.

பிளைவுட் உடலா? அதன் வெளி அடுக்கு மெல்லியது. 320 எண் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே போதும். 80 எண் சொரசொரப்புத் தாளை எடுத்தால் அடி அடுக்கு திட்டுத்திட்டாகத் தெரியும், அதற்கு மருந்தில்லை. பிறகு ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்), மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின். எனாமலைத் தடிமனாக அப்பினால் ஒலி அமுங்கும். விரல்பலகைக்கும் கழுத்தின் பின்புறத்துக்கும் பெயின்டே வேண்டாம். கை வழுக்காமல் ஒட்டும்.

– ஒரு வாசகர்