இலக்கு சரிதானா என்று பார்ப்பதற்கும் நிதி வேண்டும்

பல்கலைக்கழக மருந்து ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒரு நோயில் எந்தப் புரதத்தைத் தடுத்தால் பலன் கிடைக்கும், அதாவது மருந்தின் இலக்கு எது, என்று முதலில் சொல்வது பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வகம்தான். அந்தச் சொல்லை நம்பியே நிறுவனங்கள் சேர்மங்களைத் தேடத் தொடங்குகின்றன. நோயாளி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதும் அதை நம்பித்தான். ஆனால் அதை மறுபடி சோதிக்க விரும்பும் ஆய்வாளரிடம், "இதில் புதுமை என்ன?" என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

மெல்க் என்ற புரதத்துக்கு நேர்ந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மரபணுவின் செய்தியைத் தடுத்துப் புரதத்தைக் குறைக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையில் அதன் அளவைக் குறைத்தபோது புற்றுநோய் செல்களின் வளர்ச்சி நின்றதால், அதைத் தடுக்கும் ஓ.டி.எஸ்.167 என்ற சேர்மம் நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டம்வரை சென்றது. 2017-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், இளநிலை மாணவர்களும் பங்கேற்ற ஒரு சிறு குழு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் மெல்க் புரதத்துக்கான மரபணுவையே செயலிழக்கச் செய்து பார்த்தது. செல்கள் முன்போலவே பெருகின. மெல்க் இல்லாத அந்தச் செல்களையும் அதே சேர்மம் கொன்றது என்பதால், அது தாக்கிய இடம் வேறு என்பது உறுதியாயிற்று. 2019-இல் அதே குழு மேலும் பல சேர்மங்களைச் சோதித்தபோது, அவற்றில் ஒன்றான ஓ.டி.எஸ்.964 உண்மையில் தாக்குவது சி.டி.கே.11 என்ற வேறொரு புரதத்தை என்று கண்டது. பிழையைத் தேடப்போன இடத்தில் புதிய இலக்கே கிடைத்தது. இதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

2012-இல் ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் வெளியிட்ட கணக்கில், முக்கியமான 53 புற்றுநோய் ஆய்வுகளில் 6-இன் முடிவுகளை மட்டுமே அதன் ஆய்வாளர்களால் உறுதிப்படுத்த முடிந்திருந்தது. இதற்கெல்லாம் மோசடிதான் காரணம் என்று நான் கருதவில்லை. புரதத்தை அடையாளம் காணப் பயன்படும் ஆன்டிபாடி வேறொரு புரதத்தோடும் ஒட்டிக்கொண்டால் போதும், மரபணு நீக்கப்பட்ட செல்லிலும், புரதம் இருப்பதைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அதே பட்டை தெரியும்.

சரிபார்ப்பது என்றால் அவசரப்பட்டுக் கைவிடுவது என்று பொருளல்ல. 1982-இல் மனிதப் புற்றுநோயில் அடையாளம் காணப்பட்ட கேராஸ் என்ற மரபணுவின் புரதத்துக்கு எதிரான முதல் மருந்து ஒப்புதல் பெற்றது 2021-இல்தான். ஆனால் அந்த இலக்கு சரியான இலக்கு.

ஆகவே ஒவ்வொரு இலக்குத் திட்டத்திலும், மற்றோர் ஆய்வகம் வேறொரு முறையில் அதைச் சோதிப்பதற்கென்று ஒரு பங்கை ஒதுக்குமாறும், "இலக்கு தவறு" என்று நிறுவும் முனைவர் பட்ட ஆய்வேட்டை முழுமையான ஆய்வாக ஏற்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்து இலக்கு ஆய்வில் ஈடுபட்டுள்ள ஒருவர்